மேல்மலை ஈரத்துக்குத் தாங்கும் டென்ட்: புதிதாக முதுகுப்பை தூக்குபவர்களுக்கு

டென்ட் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது ‘எத்தனை கிலோ?’ என்று. அடுத்து ‘எத்தனை பேர் படுக்கலாம்?’ என்று. பழனி மலைக்கோ நீலகிரிக்கோ போவதாக இருந்தால் இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: மேகம் இறங்கி, சாரல் பக்கவாட்டில் அடித்து, ராத்திரி முழுக்க அப்படியே நின்றால், காலையில் உள்ளே படுத்திருப்பவரின் தூக்கப்பை காய்ந்திருக்குமா?

இந்த மலைகளில் எதிரி குளிர் அல்ல, ஈரம். நல்ல தூக்கப்பை இருந்தால் 5 டிகிரியில் நிம்மதியாகத் தூங்கலாம். அதே பை நனைந்துவிட்டால் 12 டிகிரியிலும் நடுக்கம்தான். நனைந்த டென்டைச் சுருட்டித் தூக்கும்போது எடையும் கூடும். தராசில் 1.6 கிலோ காட்டிய டென்ட், சொட்டச் சொட்ட மடித்த காலையில் 2 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே எடைக்காகப் பணம் கொட்டுவதற்கு முன் ஈரத்தைப் பார்த்து வாங்குங்கள். எடை தானாகவே ஓரளவு குறையும்.

முதலில் இடமும் மாதமும்

எங்கே படுக்கப் போகிறோம் என்று தெரியாமல் டென்ட் வாங்குவது வீண். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நடப்பதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் இறந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் வழிகாட்டியோடு திறக்கப்பட்டன. ஆனால் இவை பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்புகிற பாதைகள், டென்டுக்கு அங்கே வேலை இல்லை. மிச்சம் இருப்பவை பட்டா நிலங்கள், எஸ்டேட்டுகள், அனுமதி பெற்ற முகாம்கள். நிலக்காரர் ‘போட்டுக்கோங்க தம்பி’ என்று சொன்னால் மட்டும் போதாது. அங்கே டென்ட் போட உள்ளாட்சியிலும் வருவாய்த்துறையிலும் தடை ஏதும் இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது.

அடுத்தது மாதம். பழனி மலைக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பர் இரண்டும் மேல்மலையில் நல்ல ஈரம். நீலகிரியில் கதை இரண்டாகப் பிரிகிறது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் எந்த டென்டும் உதவாது, போகாமல் இருப்பதுதான் வழி. குன்னூர், கோத்தகிரிக்கு மழை அக்டோபருக்கு மேல் வரும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. அப்போது முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. ஊட்டி தலைகுந்தாவிலும் கொடைக்கானல் ஏரிப் பக்கத்துத் தாழ்வான புல்வெளிகளிலும் விடிகாலையில் புல் வெள்ளையாகிவிடும். ஏப்ரல், மே மாலைகளில் இடியும் மின்னலும்.

புதியவருக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல தொடக்கம். ஆனால் அந்த இரண்டு மாதத்தை மட்டும் மனதில் வைத்து டென்ட் வாங்கிவிட்டால் அடுத்த அக்டோபரில் இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

எந்த வகை

இரட்டைத் துணி டென்ட்: உள்ளே கொசுவலையும் தரையும் சேர்த்துத் தைத்த ஓர் உள்கூடு, அதன்மேல் தனியாக ஒரு மேல்துணி. மேல்துணியைக் கடைக்காரர் ஃப்ளை என்பார். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கும். மூச்சிலிருந்து வரும் ஈரம் வலை வழியாக வெளியேறி மேல்துணியின் உட்புறத்தில் படியும், அங்கிருந்து வழிந்து தரைக்குப் போகும். உங்கள் மேல் சொட்டாது. இரண்டு பேருக்கான நல்ல டென்ட் ஒன்று 1.5 முதல் 2 கிலோ வரும். பிரித்துத் தூக்கினால் ஆளுக்கு ஒரு கிலோ. மேல்மலைக்கு முதல் டென்ட் வாங்குபவருக்கு இதைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒற்றைத் துணி டென்ட்: நடைக்கம்புகளை ஊன்றி நிறுத்துவது. ஒருவருக்கு 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் கிடைக்கும். எடை ஆசை காட்டும். ஆனால் உள்ளே படியும் ஈரத்துக்கும் உங்களுக்கும் நடுவே தடுப்பு இல்லை. சாரலோடு காற்று அடிக்கும்போது துணி உதறி, படிந்த நீர் முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி விழும். நல்ல காற்றோட்டமும், பக்கத்தில் ஒரு துண்டை வைத்துத் துடைத்துக்கொள்ளும் பொறுமையும் இருந்தால் பழகிவிடலாம். முதல் பயணத்தில் பழக வேண்டாம்.

தார்ப்பாய்: சிலிக்கான் பூசிய 3 மீட்டருக்கு 3 மீட்டர் துணி 400 முதல் 550 கிராம். மழையில் சமைக்க, நனைந்த சட்டையை மாற்ற இதற்கு ஈடு இல்லை. படுக்கைக்கு மட்டும் ஒத்துவராது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை சோலை ஓரங்களில் அட்டை ஏறும், புல்வெளியில் மாடு மேய்ந்த இடமெல்லாம் உண்ணி. தரையும் வலையும் தைத்த கூடு இல்லாமல் அங்கே தூங்க முடியாது. நான்கைந்து பேர் போகும்போது இரண்டு டென்டோடு ஒரு தார்ப்பாய் சேர்த்துக்கொண்டால் போதும், மழைநாள் முழுக்க அதற்கடியில்தான் இருப்பீர்கள்.

தொங்கு படுக்கை: 15 டிகிரிக்குக் கீழே முதுகுப் பக்கம் உறையும், அதற்குத் தனி விரிப்பு தேவை. அதைச் சேர்த்தால் எடை டென்டுக்கு நெருங்கிவிடும். மேல்மலைக்கு வேண்டாம். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு உயரத்தில் காப்பித் தோட்டத்துக்குள் நிழல் மரங்களுக்கு நடுவே, தோட்டக்காரர் சம்மதத்தோடு கட்டலாம்.

பெட்டியைத் திறந்து வீசினால் தானாக விரியும் டென்ட் காருக்குப் பக்கத்தில் போடுவதற்கு. அதன் வட்டத் தட்டை முதுகில் கட்டிக்கொண்டு கும்பக்கரையிலிருந்து வெள்ளகவிக்கு ஏறிப் பார்த்தால் வழியெல்லாம் உண்ணிச்செடி அதைப் பிடித்து இழுக்கும்.

மேல்துணியைப் பாருங்கள், மற்றது பிறகு

இணையத்தில் 2,500 முதல் 4,000 ரூபாய்க்கு விற்கும் டென்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல்துணி ஒரு தொப்பி மாதிரி உச்சியில் மட்டும் இருக்கும். பக்கவாட்டில் பாதிக்கு மேல் உள்துணியே வெளியே தெரியும். சமவெளியில் நேராகப் பெய்யும் மழைக்கு அது சமாளிக்கும். மேல்மலையில் மழை நேராகப் பெய்வது குறைவு. பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேகத்தை மேல்நோக்கித் தள்ளும், சாரல் கீழிருந்து மேலே வரும். தொப்பிக்கு அடியில் புகுந்த நீர் உள்துணியின் தையலில் இறங்கி, மூலையில் தேங்கி, அங்கே வைத்த மாற்றுத்துணியை முதலில் நனைக்கும்.

ஆகவே வாங்கும்போது மேல்துணியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 5 முதல் 10 செ.மீ. சரியான அளவு. அதற்கு மேல் என்றால் சாரல் உள்ளே வரும். தரையோடு ஒட்டி இருந்தால் கீழ்க்காற்று புகாது, உள்ளே ஈரம் தேங்கும். உச்சியில் குறைந்தது ஒரு காற்றுத்துளை, அதை மழையிலும் திறந்து வைக்கும்படி சின்னக் குச்சியும் கூரையும் இருக்க வேண்டும். கீழே குளிர்ந்த காற்று புகுந்து, மேலே ஈரக்காற்று வெளியேறினால்தான் உள்ளே காய்ந்திருக்கும். எதிரெதிராக இரண்டு துளைகள் இருந்தால் இன்னும் நல்லது.

கதவுக்கு முன்னால் மேல்துணி நீண்டு ஒரு சின்னத் திண்ணை மாதிரி அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேறு பூட்ஸ், நனைந்த பை இரண்டும் அங்கே போகும். 60 செ.மீ. ஆழம் இல்லாத திண்ணையில் 50 லிட்டர் பை நிற்காது. கதவைத் திறந்தால் மழை நேராகப் படுக்கையில் விழுகிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்கலாம். கோவையிலும் மதுரையிலும் டெகாத்லான் கடைகளில் டென்டை நிறுத்தி வைத்திருந்தால் உள்ளே புகுந்து படுத்துப் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: மேல்துணியை முதலில் நிறுத்திவிட்டு, அதற்கடியில் உள்கூட்டைக் கட்ட முடியுமா? அல்லது இரண்டையும் சேர்த்தே நிறுத்த முடியுமா? உள்கூட்டை முதலில் நிறுத்தும் டென்டில், மழையில் அந்த ஐந்து நிமிடத்தில் வலை வழியாகத் தரை குளமாகிவிடும். விவரப் பட்டியலில் இதைப் பெரிதாகப் போடமாட்டார்கள். கேட்டு வாங்குங்கள்.

துணியும் எண்களும்

டென்டில் 3000 மி.மீ. என்று போட்டிருந்தால், அத்தனை உயர நீர்த்தூணின் அழுத்தம் வரை துணி ஒழுகாது என்று பொருள். மேல்துணிக்கு 1500 இருந்தால் மழைக்குப் போதும், 2000 முதல் 3000 நிம்மதி. தரைக்கு 3000க்குக் குறையக் கூடாது. ஈரத்தரையில் முட்டி போட்டு எழும்போது அந்த இடத்தில் விழும் அழுத்தம் மழைத்துளியைவிடப் பல மடங்கு. பல டென்டுகளில் தரை ஒழுகுவது முட்டியும் முழங்கையும் படும் இடத்தில்தான். 8000, 10000 என்று எண் ஏறினால் பூச்சு தடிமனாகிறது, எடை கூடுகிறது. அதற்குக் கூடுதல் காசு தர வேண்டாம்.

டெனியர் என்பது நூலின் தடிமன். 15 டெனியர் மிக மெல்லியது, 20 முதல் 30 புதியவருக்கு ஏற்றது. 190T, 210T என்று மலிவு டென்டுகளில் இருப்பது நெசவின் அடர்த்தி, டெனியரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நைலானா பாலியெஸ்டரா என்பதில் நம் மலைகளுக்குத் தெளிவான பதில் உண்டு. நைலான் வலுவானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாக இழுத்துக் கட்டிய சில்நைலான் (சிலிக்கான் பூசிய நைலான்) மேல்துணி, ராத்திரி பத்து மணிக்குத் தொங்கி உள்கூட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஈரம் உள்ளே கடக்கும். எழுந்துபோய் ஒரு தடவை இழுகயிறுகளை இறுக்கினால் சரியாகும். அந்த நேரத்தில் வெளியே போக யாருக்கு மனம் வரும்? பாலியெஸ்டர் இப்படி நீளாது, வெயிலையும் சற்று அதிகம் தாங்கும். மாதக்கணக்கில் ஈரம் விலகாத இடத்துக்கு 20 அல்லது 30 டெனியர் பாலியெஸ்டர் என்பது எங்கள் முடிவு. டைனீமா என்ற வலுவான இழை கலந்த துணி நீளவும் நீளாது, நீரையும் உறிஞ்சாது, எடையும் பாதி. விலைதான் ஆகாயத்தில்.

எத்தனை பேர் என்ற கணக்கு

‘2 பேர்’ என்று எழுதியிருந்தால் இரண்டு படுக்கை விரிப்பு பக்கத்தில் பக்கத்தில் விரிக்கலாம், அவ்வளவுதான். சாதாரண விரிப்பின் அகலம் 51 செ.மீ., அகல விரிப்பு 63 செ.மீ. ஆக 120 செ.மீ. அகல டென்டில் இரண்டு சாதாரண விரிப்பும் இடுக்கில் ஒரு டார்ச்சும். 130க்கு மேல் இருந்தால் தோள் சுவரில் உரசாது. சுவரில் உரசினால் ஈரம், இங்கே எல்லாம் அதில்தான் வந்து முடிகிறது.

நீளத்திலும் இதே கவனம் வேண்டும். 175 செ.மீ. உயரம் உள்ளவர் தலையணையோடு படுத்தால் 190 பிடிக்கும். சரிந்த சுவர் காரணமாக 210 செ.மீ. உள்நீளம் என்று போட்டிருந்தாலும் கால்மாட்டில் தூக்கப்பை சுவரைத் தொடும். 180க்கு மேல் உயரமானவர் 220க்குக் குறைவாக வாங்க வேண்டாம். நடுவில் உட்கார 100 செ.மீ. உயரம் இருந்தால் மழைநாள் மதியத்தைக் கழுத்து வலிக்காமல் கடக்கலாம்.

மூன்று பேர் என்றால் மூவர் டென்ட் ஒன்றைவிட இருவர் டென்ட் இரண்டு நல்லது. மலையில் பெரிய சமதளம் கிடைப்பதே கஷ்டம். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் படிக்கட்டு வயல்களில் ஒரு மேடை அகலமே சில இடங்களில் இரண்டு மீட்டர்தான்.

கம்பி, முளை, கயிறு

ஃபைபர்கிளாஸ் கம்பி மலிவு, கனம், உடைந்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து கையில் ஏறும். அலுமினியக் கம்பி வளையும், பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். 8.5 மி.மீ. அளவு போதும். ஒவ்வொரு துண்டும் 40 முதல் 45 செ.மீ.க்குள் இருந்தால் பைக்குள் போகும். 60 செ.மீ. துண்டு வெளியே நீட்டிக்கொண்டு, மன்னவனூர் பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் விலாவைக் குத்தும். கம்பியோடு 10 செ.மீ. அலுமினியக் குழாய் ஒன்று வந்திருக்கும். பலர் அது என்னவென்று தெரியாமல் வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். கம்பி உடைந்தால் உடைந்த இடத்தின்மேல் அந்தக் குழாயைச் செருகி, இரண்டு முனையிலும் டேப் சுற்றினால் வீடு வரை தாங்கும்.

டென்டோடு வரும் வளைந்த இரும்பு முளைகளை மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றும் 25 கிராமுக்கு மேல், ஈர மண்ணில் பிடிப்பும் இல்லை. ஒய் வடிவ அலுமினிய முளை 12 முதல் 15 கிராம், 18 செ.மீ. நீளம். எட்டுக்குப் பதில் பத்து எடுத்துப் போங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். உழுத வயல் மண் பொதபொதவென்று இருக்கும், அங்கே முளை நிற்காது. ஒரு முழம் நீளக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு சாண் ஆழத்தில் குறுக்காகப் புதைத்து, மேலே மண்ணை மிதித்துவிட்டால் அசையாது. கிளம்பும்போது குழியை மூட மறக்க வேண்டாம், அது ஒருவருடைய பாத்தி.

இழுகயிறு 2 மி.மீ. தடிமன், பளிச்சென்ற நிறம், ஒவ்வொன்றும் 2 மீட்டர். ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தவர் கறுப்புக் கயிற்றில் தடுக்கி விழுந்தால் டென்டும் சேர்ந்து விழும்.

தரைக்கு அடியில்

கட்சிக் கூட்டம் முடிந்து கழற்றிய ஃப்ளெக்ஸ் பேனரை விரிப்பது நம் ஊர் வழக்கம். உறுதியானதுதான், ஆனால் இருவர் டென்டுக்கு வெட்டினால் முக்கால் கிலோ வரும். எடை குறைத்து வாங்கிய டென்டின் பலன் அதிலேயே போய்விடும். உரக்கடையில் காய்கறிப் பாத்திக்கு விற்கும் 30 மைக்ரான் மல்ச்சிங் ஷீட் நான்கடி அகலத்தில் கிடைக்கும். இரண்டேகால் மீட்டர் வெட்டினால் 80 கிராமுக்குள். நான்கைந்து ராத்திரிக்குப் பிறகு கிழியும், கிழிந்ததை மலையில் விடாமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

விரிப்பு எதுவானாலும் டென்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சின்னதாக இருக்க வேண்டும். புதியவர்கள் ‘பாதுகாப்புக்கு’ என்று பெரிதாக விரிப்பார்கள். மேல்துணியிலிருந்து வழியும் நீர் வெளியே நீண்ட விரிப்பில் விழுந்து, தட்டில் தேங்குவதுபோல் தேங்கி, நேராக டென்டுக்கு அடியில் போகும். ‘தரை ஒழுகுது’ என்ற புகாரில் பாதி இந்தக் கதைதான்.

மலைக்கு முன் மொட்டை மாடி

1. பெட்டியைப் பிரித்ததும் உள்கூடு, மேல்துணி, கம்பி, முளை நான்கையும் சமையலறைத் தராசில் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். விளம்பரத்தில் போடும் குறைந்த எடையில் முளை, கயிறு, உறை எதுவும் சேராது. தூக்கப்போகும் எடை உங்கள் தராசில் வருவதுதான்.

2. மாடியில் நிறுத்துங்கள். முளை இறங்காது, தண்ணீர் நிரப்பிய கேன்களிலோ செங்கல்லிலோ கயிறுகளைக் கட்டுங்கள். விளக்கம் பார்க்காமல் பத்து நிமிடத்தில் நிறுத்த வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசித் தடவை இருட்டில், தலைவிளக்கோடு.

3. உள்ளே தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, குழாயில் தண்ணீரைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் அரை மணி நேரம் அடியுங்கள். சொட்டு விழுந்த இடம் தாளில் கருவட்டமாகத் தெரியும். அந்த வட்டத்துக்கு நேர் மேலே பார்த்தால் தையல் ஒன்று இருக்கும். அதைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

4. தையலை அடைக்கும் முன் துணியின் பூச்சு எது என்று தெரிய வேண்டும். பியூ (பாலியூரிதேன்) பூச்சுக்கு அதற்கான தையல் பசைதான் ஒட்டும். பெரும்பாலும் தையல்மேல் டேப் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் டேப் ஒட்டாது, அதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமில்லாத முழு சிலிக்கான் சீலன்ட் போதும். அக்ரிலிக் கலந்தது வேண்டாம். மினரல் டர்பன்டைன் சேர்த்துத் தேன் பதத்துக்குக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தையலின் வெளிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் தடவுங்கள். திறந்த வெளியில் ஒரு நாள் காயட்டும். பிறகு லேசாக முகப்பவுடர் தூவினால் மடித்து வைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது.

5. மறுபடி தண்ணீர் அடியுங்கள். தாள் காய்ந்திருந்தால் மலைக்குப் போகலாம்.

எங்கே நிறுத்துவது

தாழ்வான புல்வெளி பார்க்க அழகு, படுக்க மோசம். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி சரிவில் இறங்கி அடியில் தேங்கும். உறைபனி முதலில் விழுவது அங்கேதான். முகட்டின் உச்சியில் காற்றும் மின்னலும். இரண்டுக்கும் நடுவே, பள்ளத்தின் அடியிலிருந்து பத்து இருபது மீட்டராவது ஏறி, மேட்டின் மறைவில் ஒரு திட்டு தேடுங்கள்.

மரத்தடி விஷயத்தில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வானம் தெளிந்த ராத்திரியில் திறந்த வெளியில் நிற்கும் டென்டின் துணி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், உள்ளும் புறமும் நீர் படியும். அன்று மரக்கூரையின் ஓரம் நல்லது. மேகம் இறங்கிய ராத்திரியில் நேர்மாறு. பைன் ஊசிகள் மேகத்தைச் சல்லடையாகப் பிடித்து, மழையே இல்லாமல் விடியும் வரை சொட்டிக்கொண்டிருக்கும். அன்று மரத்திலிருந்து விலகி நில்லுங்கள். சீகை மரத்தடியும் யூகலிப்டஸ் அடியும் எந்த ராத்திரியிலும் வேண்டாம். சீகைக்கு வேர் ஆழமில்லை, ஈர மண்ணில் காற்றடித்தால் சாயும். யூகலிப்டஸ் கிளையை முறித்துப் போடும்.

படிக்கட்டு வயலில் மேல் மேடையின் கல்சுவருக்கு ஒட்டி நிறுத்த வேண்டாம். காற்று மறைவு கிடைக்கும், ஆனால் மேல்வயலின் நீரெல்லாம் கசிவது அந்தச் சுவரடியில்தான், மழையில் கல் சரிவதும் உண்டு. மேடையின் நடுவில் நில்லுங்கள். காட்டு மாட்டின் தடம், சாணம், உரசிய மரம் கண்ணில் பட்டால் அது அதன் வழி, வேறு இடம் பாருங்கள். சாப்பாட்டையும் எண்ணெய் பட்ட பாத்திரத்தையும் டென்டுக்குள் வைக்கக் கூடாது. பன்றியும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வாசனைக்கு வரும். யானை நடமாட்டம் உண்டு என்று ஊர்க்காரர் சொன்னால் அங்கே டென்ட் பேச்சே வேண்டாம், கூரையுள்ள இடத்தில் படுங்கள்.

மழையில் நிறுத்தும் முறை

பையின் மேல்பக்கத்தில் டென்ட் இருக்கட்டும். சமதளத்தைக் கையால் தடவிக் கல், குச்சி நீக்குங்கள். டென்டின் குறுகிய பக்கம், பெரும்பாலும் கால்மாடு, காற்று வரும் திசைக்கு. கதவு அதற்கு எதிரே. காற்றுப் பக்கத்து இரண்டு மூலைகளுக்கும் முதலில் முளை அடித்துவிடுங்கள், மேல்துணி பறக்காது. பிறகு கம்பி, பிறகு மற்ற மூலைகள். மேல்துணி நின்றபின் உள்ளே புகுந்து உள்கூட்டைக் கொக்கிகளில் மாட்டுங்கள்.

உள்கூட்டை முதலில் நிறுத்தும் டென்ட்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேல்துணியை மேலே குடைபோல் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடியில் குனிந்து கம்பியைச் செருக வேண்டும். தார்ப்பாய் இருந்தால் அதை முதலில் கட்டிவிட்டு அதற்கடியில் நிறுத்தி, பிறகு நகர்த்தலாம்.

முளையின் தலை டென்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், கயிறும் முளையும் ஏறக்குறையச் செங்கோணத்தில். உள்பக்கம் சாய்ந்த முளை முதல் காற்றிலேயே உருவிக்கொண்டு வரும். மேல்துணியில் சுருக்கம் இருந்தால் எந்தப் பக்கம் இழுக்கவில்லை என்று அதுவே காட்டும். சுருக்கம் நீர் தேங்கும் இடம், இழுத்துச் சரிசெய்யுங்கள்.

குளிர்கிறதே என்று காற்றுத்துளையை மூடாதீர்கள். மூடினால் ஒரு டிகிரி சூடு கிடைக்கும், காலையில் தூக்கப்பை ஈரமாகும். நனைந்த துணியை உள்ளே காயப்போட்டாலும் இதே கதி. அடுப்பை டென்டுக்குள் கொண்டுவரவே கூடாது. கரி அடுப்பாக இருந்தாலும் கேஸ் அடுப்பாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும், மலையில் அறைக்குள் கரியை மூட்டிக்கொண்டு தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள்.

மடித்தபின்

காலையில் மேல்துணியை நன்றாக உதறி, சின்னத் துண்டால் உட்புறம் துடைத்துவிட்டுத் தனிப்பையில் போடுங்கள். உள்கூடு பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும், இரண்டையும் ஒரே உறையில் திணித்தால் அதுவும் நனையும். மதியம் வெயில் எட்டிப்பார்க்கும் அரை மணியில் பாறைமேல் விரித்தால் மெல்லிய துணி காய்ந்துவிடும். ஜிப்பில் மண் இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். பல் பிடிக்காமல் பிளந்துகொள்ளும் ஜிப்பில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஓடும் தலை. இடுக்கியால் அதன் இரண்டு பக்கமும் மெல்ல ஒரு அழுத்து அழுத்தினால் கொஞ்ச காலம் ஓடும்.

வீட்டுக்கு வந்த அன்றே பிரித்து, நிழலில், மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு உறையில் கிடக்கும் டென்டில் கரும்புள்ளி பூஞ்சை வரும், அது போகாது. பியூ பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடிக்கும். அந்த நிலைக்கு வந்த மேல்துணியை எந்தப் பசையாலும் மீட்க முடியாது. காய்ந்ததும் வந்த உறையில் இறுக்கித் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, பரண்மேல் ஓட்டுச் சூடு படாத இடத்தில் வையுங்கள்.